உலாத்தப் போன நாள்

எங்கள் ஒழுங்கையில், வேலிகளுக்கு நடுவே போகிற அந்தச் சின்னத் தெருவில், எனக்கு ஒரு பட்டப்பெயர் இருந்தது: உலாத்து ரீச்சர். நேரே முகம் பார்த்து யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. கிணற்றடியில் தண்ணீர் அள்ளி, வாளியோடு நான் திரும்பிய பிறகுதான் அது என் முதுகில் வந்து விழும். முன்பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறவள், பள்ளி முடிந்ததும் வீட்டுக்குப் போகவேண்டியதுதானே, பிறகு ஏன் சைக்கிளை எடுத்துக்கொண்டு றோட்டு றோட்டாகத் திரிகிறாள் என்பது அவர்களுடைய கேள்வி. என்னிடம் பதில் இருந்தது. எனக்கு விருப்பம், அதனால் சைக்கிள் ஓடுகிறேன். பின்னேரங்களில் விசுவமடுச் சந்திவரை ஓடுவேன், அங்கே ஒரு காலை ஊன்றிக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பேன், பிறகு திரும்பி வருவேன். கடைக்குப் போனதில்லை, எவரையும் பார்க்கப் போனதில்லை. காதல் என்று ஏதாவது இருந்திருந்தால்கூட என்னை மன்னித்திருப்பார்கள். ஒன்றுமில்லாமல் ஒருத்தி போய் வருவதைத்தான் அவர்களால் பொறுக்க முடியவில்லை.

உலாத்துவது ஆளுக்கு ஆள் மாறுகிற சங்கதி என்பதை அந்த ஒழுங்கையில்தான் படித்தேன். மூலை வீட்டில் ஓய்வுபெற்ற ஓவசியர் ஒருவர் இருந்தார். எல்லோருக்கும் அவர் ஐயா. ஒவ்வொரு பின்னேரமும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கையில் ஒரு பூவரசந் தடியோடு, நான் போகிற அதே சந்திக்கு அவரும் போய் வருவார். அவர் காலாற உலாத்துகிறார், அது உடம்புக்கு நல்லது. அம்மன் கோயில் திருவிழாவில் சுவாமி வீதி உலா வந்தால் அது புண்ணியம், வாசல் படலையில் நிறைகுடம் வைப்போம். பாரிசில் இருந்த என் மச்சாள், "லீவுக்கு இத்தாலிக்கு உலாத்தப் போனனாங்கள்" என்று எழுதி, சாய்ந்த கோபுரம் ஒன்றின் பக்கத்தில் தானும் சாய்ந்து நிற்கிற படத்தையும் கடிதத்துக்குள் வைத்திருந்தாள். அது அந்தஸ்து. அந்தப் படம் ஒழுங்கை முழுக்கக் கைமாறி, மூலை மடங்கித்தான் என்னிடம் திரும்பி வந்தது. அதே வேலையை நான் அப்பாவின் பழைய சைக்கிளில் செய்தால் மட்டும் அது ஒழுக்கக்கேடு.

பக்கத்துக் காணியில் மலையகத்திலிருந்து வந்த குடும்பம் ஒன்று இருந்தது. கலவரத்துக்குத் தப்பி வந்து, காடு வெட்டி, கச்சானும் மரவள்ளியும் போட்டு வாழ்ந்தவர்கள். அந்த வீட்டு அக்காதான் எனக்காக ஒரு சொல் பேசக்கூடிய ஒரே ஆள். "எங்க பக்கம் இதுக்கு ஊரு சுத்துறதுன்னு பேரு டீச்சர். தோட்டத்துல பொம்பள ஊரு சுத்துனா, மொதல்ல பெரட்டுல பேரு கெட்டுப்போகும், அப்புறம் வீட்டுல அடி விழும்" என்று சொல்லிச் சிரிப்பார். பெரட்டு என்பது காலையில் வேலைக்கு ஆள் எடுக்கிற இடம். எந்தப் பக்கமானாலும் கதை ஒன்றுதான் என்று எனக்கு விளங்கியது.

ஒருமுறை வவுனியாவுக்குப் போக, எங்கள் பகுதியைவிட்டு வெளியேறும் அனுமதியான பாஸ் எடுக்கவேண்டி வந்தது. படிவத்தில் பயணத்தின் காரணம் என்று ஒரு கோடு. முன்னால் நின்றவர்கள் வைத்தியம், மரணம், பரீட்சை, கலியாணம் என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். எனக்கு உண்மையில் பல் வலி. ஆனால் அந்தக் கோட்டைப் பார்த்ததும் விசர் ஏறியது. ஒருவர் ஓரிடத்துக்குப் போவதென்றால் ஒன்றில் சாக வேண்டும், இல்லாவிட்டால் சாகக் கிடக்க வேண்டும் என்கிற மாதிரி. "உலாத்த" என்று எழுதிக் கொடுத்தேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் அதை இரண்டு தரம் வாசித்தார்.

"தங்கச்சி, பகிடி விடுறதுக்கு வேற இடம் கிடைக்கேல்லையோ?"

புதுப் படிவம் தந்தார். பல் என்று எழுதினேன். பல்லைப் பிடுங்கிவிட்டு வந்தும் அந்தக் கோபம் எனக்கு ஆறவில்லை.

எங்களுடைய ஊர் முரசுமோட்டை. தொண்ணூற்றாறில் பரந்தன் பக்கம் சண்டை வந்தபோது வெளிக்கிட்டு, இரண்டு இடத்தில் இருந்து, மூன்றாவதாக இந்த ஒழுங்கைக்கு வந்தோம். ஊரைவிட்டு ஓடுவதில் எங்களுக்குள் ஒரு முறை உண்டு. ஓடுகிறோம் என்று எவரும் சொல்லிவிட்டு ஓடுவதில்லை. சொன்னால் சனத்தைக் கலைக்கிற ஆள், பயந்தாங்கொள்ளி என்று பேர் வரும். வாயால் சொன்னால் அது நடந்துவிடும் என்ற பயமும் இருக்கும். அதனால் கட்டிலையும் அலுமாரியையும் ட்ரக்டர் பெட்டியில் ஏற்றிக்கொண்டே, "சும்மா தங்கச்சி வீட்டை போட்டு வாறம்" என்பார்கள். கோழிக்கூட்டைத் தலைகீழாகக் கட்டித் தூக்கிக்கொண்டு, "கோயிலில ஒரு நேத்தி" என்பார்கள். முரசுமோட்டையில் எங்களுக்கு முன்வீட்டுக்காரர் வீட்டுக் கதவுகளைக்கூடக் கழற்றி ஏற்றினார்கள். "எங்கை?" என்று அம்மா கேட்டதற்கு, "ரெண்டு நாள் உலாத்திப்போட்டு வருவம் எண்டு" என்றார்கள். அம்மா அதை நம்பினார். இரண்டு நாள் கழித்து, ஷெல் வந்து விழத் தொடங்கிய பிறகு, உடுத்த உடுப்போடும் உறுதிப் பையோடும் அப்பாவின் சைக்கிளோடும் நாங்கள் வெளிக்கிட்டோம்.

வெளிக்கிட்ட மூன்றாம் நாள் அப்பா நடந்தே திரும்பிப் போனார். மாடு கட்டையில் கட்டினபடி நிற்கிறது என்பதுதான் அவருடைய கவலை. "அவிட்டுவிட்டிட்டு வாறன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் வரவில்லை. மாதக் கணக்கில் விசாரித்தோம், கண்டவர் எவருமில்லை. மாடு மட்டும் வந்தது. கண்டாவளைப் பக்கம் மேய்ந்துகொண்டிருந்ததைத் தெரிந்தவர்கள் சாய்த்துக்கொண்டு வந்து தந்தார்கள். அதன் கழுத்துக் கயிறு அறுந்திருக்கவில்லை. யாரோ ஆறுதலாக, அவசரமில்லாமல், கட்டையிலிருந்து அவிழ்த்திருந்தார்கள். அம்மா அந்தக் கழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டு மாட்டை வைத்திருக்க மாட்டேன் என்றார். பிறகு இந்த ஒழுங்கைக்கு வந்தபோது அதைப் பக்கத்துக் காணி அக்காவிடம் கொடுத்துவிட்டார்.

அதற்குப் பிறகு அம்மா எங்கேயும் போகவில்லை. ஒழுங்கைக் கிணறு, வீடு, அவ்வளவுதான். கோயிலுக்கில்லை, செத்த வீட்டுக்கில்லை, இரண்டு மைல் கட்டை தள்ளியிருந்த சொந்தத் தங்கச்சி வீட்டுக்குமில்லை. ஒரு வீட்டைவிட்டு வெளிக்கிட்டால் அந்த வீடு போய்விடும் என்று அவருக்கு முடிவாகத் தெரிந்திருந்தது. அனுபவம் அப்படித்தான் சொன்னது, நான் என்ன எதிர்த்துச் சொல்ல? நாங்கள் விட்டுவிட்டு வந்த எந்த வீட்டுக்கும் நாங்கள் திரும்பிப் போனதில்லை.

வீட்டுக்குள் மூன்று மூட்டைகள் எந்த நேரமும் கட்டியபடி இருந்தன. சட்டி பானைக்கு ஒரு சாக்கு, உடுப்புக்கு ஒரு பயணப்பை, காணி உறுதியும் பிறப்புச் சாட்சிப் பத்திரங்களும் அப்பாவின் படமும் வைத்த ஒரு பொலித்தீன் பை. காலையில் சாக்கை அவிழ்த்துச் சோற்றுப் பானையை எடுப்பார். சமைத்து, சாப்பிட்டு, பானையைக் கழுவித் துடைத்து, மறுபடி சாக்குக்குள் வைத்துக் கட்டுவார். பின்னேரம் தேத்தண்ணிக்கு மறுபடி அவிழ்ப்பு, மறுபடி கட்டு. இரண்டு வருசமாக இதைப் பார்த்துப் பார்த்து எனக்கு அந்தச் சாக்கைத் தூக்கிக் கிணற்றுக்குள் போடவேண்டும் போல இருக்கும். எத்தனையோ தரம் சொல்லிச் சண்டை பிடித்திருக்கிறேன். அம்மா கயிற்றை இன்னொரு சுற்றுச் சுற்றுவார்.

தொண்ணூற்றெட்டாம் ஆண்டு தொடக்கத்தில் எனக்கு ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை பகுதி ஒழுங்கைக்குள் வந்து விசாரித்திருக்கிறது. "நல்ல பிள்ளை. ஆனா உலாத்தல் கொஞ்சம் கூட" என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். வந்தவர்கள் எங்கள் படலையையே தட்டாமல் போய்விட்டார்கள். எனக்கு அதில் ஒரு துளி கவலையும் இல்லை, சொல்லப்போனால் நிம்மதி. ஆனால் அம்மா குசினிக்குள் அடுப்படியில் இருந்து அழுதார். பிறகு வெளியில் வந்து என்னைப் பிடித்துக்கொண்டார்.

"உலாத்துறதுக்கு இதென்ன காலமோ பிள்ளை? ஊரே அந்தரப்பட்டுக்கொண்டிருக்கு."

"அப்ப எந்தக் காலம் அம்மா? சண்டை முடிஞ்ச பிறகோ? அதுக்குள்ள நான் கிழவியாயிடுவன்."

"சனம் கதைக்குது."

"சனம் கதைக்கட்டும். ஊர்வாயை மூட உலைமூடி எங்கையாவது விக்கிறாங்களோ?"

இதோடு நிறுத்தியிருக்கலாம். எனக்கு நிறுத்தத் தெரியாது. "வெளிக்கிட்டா வீடு போயிடும் எண்டு நீங்கள் பயந்து கிடக்கிறியள். வெளிக்கிடாமலே கிடந்தா வீடு நிண்டிடுமோ? ரெண்டு வருசமா உந்தச் சாக்குக்குக் காவல் இருக்கிறியள். ஒருக்கா என்னோட வாங்கோ. ஒரு காரணமும் இல்லாமல் வெளிக்கிட்டு, பின்னேரம் இதே வீட்டை திரும்பி வருவம். அப்பிடியும் ஒண்டு இருக்கு, நீங்கள் மறந்துபோனியள்" என்றேன்.

அம்மா படம் வைத்த பொலித்தீன் பையை எட்டி எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அப்பாவை நினைக்கிறார் என்று தெரிந்தது. சொன்னது பிழை என்று உள்ளுக்குள் குத்தியது, ஆனாலும் நான் அதை விடவில்லை. மூன்று நாள் சளைக்காமல் கேட்டேன். காலையில் கேட்டேன், சாப்பிடும்போது கேட்டேன், கிணற்றடியில் நாலு பேர் நிற்கும்போதும் கேட்டேன். எனக்கு இது வெறும் ஆசையாக இருக்கவில்லை. அம்மா இப்படியே அந்த மூட்டைகளோடு ஒரு மூட்டையாகி விடுவார் என்று பயந்தேன். நாலாம் நாள், ஞாயிற்றுக்கிழமை விடிய, அம்மா இரண்டு சோற்றுப் பொதி கட்டிக்கொண்டிருந்தார்.

"உடையார்கட்டுக் குளம் மட்டும்தான். வெய்யில் சாய முந்தி வந்திட வேணும்" என்றார். பிறகு, என்னைப் பார்க்காமல், "மூட்டையும் வரும்" என்றார்.

மூட்டையை விட்டுவிட்டு வா என்றால் அவர் வரவே மாட்டார். வந்தால் போதும் என்று எனக்கிருந்தது. அப்பாவின் சைக்கிள் பாருக்குள் சட்டிச் சாக்கைச் செருகிக் கட்டினேன். பயணப்பை ஹான்டிலில் தொங்கியது. குளக்கட்டில் விரிக்க ஒரு பாய், சுருட்டிக் குறுக்கே கட்டினோம். அம்மா பின்கரியரில், மடியில் பொலித்தீன் பை. அந்தக் கோலத்தில் எங்களைப் பார்க்கிறவர் என்ன நினைப்பார் என்பது முரசுமோட்டையிலிருந்து வந்த எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை. வெற்றி பெற்ற களிப்பில் என் கண் மறைத்திருந்தது.

பக்கத்துக் காணி அக்கா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். "என்னங்கம்மா, நீங்களுமா கெளம்பிட்டீங்க?" என்றார், நம்ப முடியாமல். அம்மா வெட்கத்தோடு தலையை ஆட்டினார். மூலையில் ஐயா தன் வானொலிக்கு உயிர் கொடுத்துக்கொண்டிருந்தார். பற்றரி வராத காலம், சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில்தான் செய்தி கேட்பது. எங்களைக் கண்டதும் பெடலை விட்டுவிட்டார், செய்தி பாதியில் செத்தது. வெளிக்கிடுகிற ஆளிடம் எங்கே என்று கேட்பது சகுனப் பிழை என்பதால் முறைப்படி கேட்டார்.

"தூரமோ?"

"இல்லை ஐயா" என்றார் அம்மா. "சும்மா உலாத்தப் போறன் மகளோட. பின்னேரம் வந்திடுவன்."

ஐயா சாக்கைப் பார்த்தார். பாயைப் பார்த்தார். அம்மாவின் மடியில் இருந்த பையைக் கனநேரம் பார்த்தார். "விளங்குது, விளங்குது. கவனமாப் போட்டு வாங்கோ" என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார். என்னை நக்கலடிக்கிறார் என்று நினைத்தேன். இவர் மட்டும் நாள் தவறாமல் உலாத்தலாமாக்கும் என்று மனதுக்குள் நல்லாய் ஏசிக்கொண்டு பெடலை உழக்கினேன்.

குளம் நிரம்பி இருந்தது. அந்தப் பக்கக் கரையில் இரண்டு பேர் யப்பான் மீனுக்குத் தூண்டில் போட்டுக்கொண்டு இருந்தார்கள். குளக்கட்டில் நின்ற மருத மரத்தின் கீழ் பாயை விரித்தேன். அம்மா மூன்று மூட்டைகளையும் பாயின் நடுவில் அடுக்கிவிட்டு, தண்ணீருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வந்த றோட்டைப் பார்த்தபடி இருந்தார். நாலு நிமிசத்துக்கு ஒருக்கா நேரம் கேட்டார். பரந்தன் பக்கமிருந்து வழமையான ஷெல் சத்தம் தூரத்தில் கேட்டது. அது அந்த நாட்களில் மழை இடி மாதிரி, கேட்காத நாள்தான் புதினம். அம்மா ஒவ்வொரு சத்தத்துக்கும் பையை இறுக்கிப் பிடித்தார். வந்தும் வராத மாதிரி இருந்தது எனக்கு. அழுகையும் எரிச்சலும் சேர்ந்து வந்தது.

பொதியை அவிழ்த்தோம். கருவாட்டுக் குழம்பு, கத்தரிக்காய்ப் பொரியல், சம்பல். வெளியில் இருந்து சாப்பிட்டால் பசி கூடும் என்பது உண்மை. அம்மா முழுவதையும் சாப்பிட்டார். கை கழுவத் தண்ணீர்க் கரைக்கு இறங்கியவர் உடனே ஏறிவரவில்லை. கணுக்கால் நனைய நின்றார். பிறகு குளக்கட்டில் ஏறி, மெதுவாகப் பத்து அடி நடந்துவிட்டு மூட்டைகளிடம் ஓடி வந்தார். மறுபடி போனார், இம்முறை இருபது அடி. நான் பாயில் படுத்துக்கொண்டு பார்க்காத மாதிரிப் பார்த்தேன். மூன்றாம் தரம் துருசு வரை போய், அங்கே மதகுச் சுவரைப் பிடித்துக்கொண்டு தண்ணீர் விழுவதைக் குனிந்து பார்த்தார். திரும்பி வந்தபோது அவருக்கு மூச்சு வாங்கியது, முகம் சிவந்திருந்தது.

"இதுகளைப் பாத்துக்கொள்" என்று மூட்டைகளைக் காட்டிவிட்டு, இடுப்பில் சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு, கட்டின் மற்ற முனைவரை கையை வீசி நடந்தார். அங்கே அவர் சின்னதாகத் தெரிந்தார். கொஞ்ச நேரம் நின்றார், திரும்பினார். அன்றைக்கு அம்மா எத்தனை தரம் போய்வந்தார் என்று எண்ணவில்லை. எண்ணவேண்டும் என்று தோன்றாத அளவுக்கு எனக்குச் சந்தோசமாக இருந்தது.

கடைசியாக வந்து பக்கத்தில் இருந்தவர், தானாகக் கதைத்தார். "கலியாணம் முடிச்ச புதுசில கொப்பர் என்னை இரணைமடுவுக்குக் கூட்டிக்கொண்டு போனவர். இதே சைக்கிள்தான்."

"என்ன அலுவலா?"

"ஒரு அலுவலும் இல்லை. உலாத்தத்தான்." சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "மாமியாருக்கு ஆஸ்பத்திரிக்கு எண்டு பொய் சொன்னனாங்கள்."

அப்பா போன பிறகு அம்மா அவரைப் பற்றிச் சிரித்துக் கதைத்தது அதுதான் முதல் தடவை. மாமியாருக்குப் பயந்து பொய் சொன்ன பெண்ணின் மகளைத்தான் இந்த ஒழுங்கை உலாத்துக்காரி என்கிறது என்று நினைத்து நானும் சிரித்தேன். வெயில் சாயத் தொடங்கியது, வெளிக்கிட்டோம்.

பெரிய றோட்டில் ஏறி விசுவமடுப் பக்கம் திரும்பினால், எதிரே ஒரு ட்ரக்டர். பெட்டி நிறையக் கதிரை, கட்டில், தகரம், அவற்றின் மேல் சனம். பின்னால் சைக்கிள்கள், நடை, ஆடு, மாடு. இப்படி ஒரு வரிசையைக் கண்டால் எங்கள் உடம்பு யோசிக்காது. அம்மா கரியரிலிருந்து குதித்துவிட்டார். நான் சைக்கிளோடு றோட்டோரத்தில் நின்றுவிட்டேன். கிட்ட வந்த பிறகுதான் தெரிந்தது, அது எங்கள் ஒழுங்கை.

பக்கத்துக் காணி அக்கா தலையில் ஒரு மூட்டை, கையில் எங்கள் பழைய மாடு. "டீச்சர், அங்கிட்டுப் போகாதீங்க! ஆமிக்காரங்க வர்றாங்களாம்!" என்று கத்தினார்.

"ஆர் சொன்னது?"

"ஐயாதான் சொன்னாரு."

ட்ரக்டர் நின்றது. ஐயா பெட்டிக்கு மேலே, வானொலியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். "எனக்கு ஆர் சொன்னதோ? நீங்கள்தானே விடிய வெள்ளெனவே வெளிக்கிட்டனீங்கள்?" என்றார்.

"நாங்கள் உலாத்தப் போனனாங்கள்!"

"ஓமோம், அதைத்தான் கொம்மாவும் சொன்னவா. உறுதிப் பையை மடியில வைச்சுக்கொண்டு, சட்டி பானையோட, பரந்தனுக்கு எதிர்ப்பக்கமா முரசுமோட்டைச் சனம் உலாத்தப் போகுது எண்டா எனக்கு விளங்காதோ? நானென்ன பச்சைக் குழந்தையோ?"

எனக்குச் சிரிப்பு வந்தது, அடுத்த கணம் நடந்தது விளங்கியது. நாங்கள் போனதைப் பார்த்து ஐயா மூட்டை கட்டியிருக்கிறார். ஐயா கட்டியதைப் பார்த்து ஒழுங்கை கட்டியிருக்கிறது. "ஒண்டும் இல்லை, நாங்கள் குளக்கட்டில இருந்து சோறு சாப்பிட்டனாங்கள், அவ்வளவுதான்" என்று கத்தினேன். ஒருவரும் நம்பவில்லை. சத்தம் கேட்டது என்றார் ஒருவர். இன்றைக்கு அது கிட்டக் கேட்டது என்றார் இன்னொருவர். பின்னால் அடுத்த ஒழுங்கைச் சனமும் வந்துகொண்டிருந்தது. இத்தனை பேர் ஓடுகிறார்களென்றால் ஏதாவது இருக்காதா என்று எனக்கே ஒரு நடுக்கம் வந்தது. எங்களால் தொடங்கிய பொய் இடையில் எங்கேயாவது உண்மையாகியிருந்தால்?

அம்மாவைப் பார்த்தேன். சாக்கில் ஒரு கை வைத்தபடி நின்றார். முழுக் குடித்தனமும் சைக்கிளில் கட்டி இருக்கிறது, ஓடுகிற சனம் முன்னால் நிற்கிறது. அவருக்கு வேண்டிய எல்லாம் இருந்தது. சைக்கிளைத் திருப்பினால் போதும். திருப்பு என்று அம்மா சொன்னால் நான் திருப்பியிருப்பேன், அதை ஒளிக்கவில்லை. ஆனால் திருப்பினால் இனி எந்த நாளும் அம்மா வெளிக்கிடமாட்டார் என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது.

அம்மா கரியரில் ஏறி இருந்தார்.

"நேர போ பிள்ளை" என்றார்.

"அம்மா..."

"வீட்டை போ எண்டுறன்."

போனேன். அக்கா "கடவுளே!" என்றது பின்னால் கேட்டது. எதிரே வந்தவர்கள் எல்லாம் எங்களுக்குக் கை காட்டினார்கள், சிலர் ஏசினார்கள். அம்மாவின் கை என் இடுப்பைப் பிடித்திருந்த பிடியில் நகம் பதிந்தது. என் வாழ்க்கையில் நான் அவ்வளவு பயத்தோடு சைக்கிள் ஓடியதில்லை, அவ்வளவு பிடிவாதத்தோடும் ஓடியதில்லை.

ஒழுங்கை வெறுமையாய்க் கிடந்தது. ஒரு நாய் மட்டும் நடு வழியில் படுத்திருந்தது. ஐயா வீட்டுக் குசினியிலிருந்து எரிந்த மணம் வந்தது. அம்மா இறங்கிப் போய், அடுப்பில் கருகிக்கொண்டிருந்த அவர்களுடைய சோற்றுப் பானையை இறக்கி வைத்து, நெருப்புக்குத் தண்ணீர் தெளித்துவிட்டு வந்தார். பிறகு எங்கள் படலையைத் திறந்தார். வீடு இருந்தது. வாசலில் காலையில் நான் போட்ட கோலத்தைக் கோழி கிளறியிருந்தது, வேறொன்றும் நடக்கவில்லை. அம்மா முற்றத்தில் நின்று கூரையை, வேலியை, குசினியை ஒவ்வொன்றாகப் பார்த்தார். நான் அழுதேன். அவர் அழவில்லை.

கொஞ்ச நேரத்தில் சனம் திரும்பத் தொடங்கியது. நாங்கள் போனதைப் பார்த்து றோட்டில் நின்று யோசித்திருக்கிறார்கள். விசுவமடுவிலிருந்து வந்த ஒருவர் அங்கே ஒன்றுமில்லை, கடைகள் திறந்திருக்கின்றன என்று சொல்லியிருக்கிறார். முதலில் அக்கா மாட்டோடு வந்தார், பிறகு சைக்கிள்கள், கடைசியில் ட்ரக்டர். ஐயா இறங்கி வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே எங்கள் படலைக்கு வந்தார். பின்னால் ஒழுங்கை முழுக்கத் திரண்டு நின்றது. எல்லோருக்கும் முகத்தில் புழுதி, எல்லோருக்கும் கோபம்.

"இந்த வயசில எனக்கு இது தேவையோ? கைக்குழந்தையளோட சனம் நாலு கட்டை ஓடியிருக்கு. உலாத்துறாவாம் உலாத்து! மகள்தான் அப்பிடியெண்டா தாயுமோ? இனிமேல் எங்கையாவது போறதெண்டா முதல் நாலு பேருக்கு ஒழுங்கா ஒரு சொல் சொல்லிப்போட்டுப் போங்கோ!"

நான் படலைக்குப் பாய்ந்தேன். வாயில் பத்து வசனம் ஆயத்தமாக இருந்தது. அம்மா என் கையைப் பிடித்துப் பின்னால் இழுத்துவிட்டு, தான் முன்னுக்கு வந்தார். ஒழுங்கையில் இருந்த எவரும் அம்மாவின் குரலை உரத்துக் கேட்டதில்லை. அன்று கடைசியில் நின்றவருக்கும் கேட்டது.

"சொல்லிப்போட்டுத்தான் போனனான் ஐயா. நீங்கள்தான் நம்பேல்லை. உலாத்தப் போறன், பின்னேரம் வருவன் எண்டு இதில நிண்டுதான் சொன்னனான்."

ஒருமுறை மூச்சை எடுத்தார்.

"வந்திட்டன்."